கீவெனாவை வரைந்து பாருங்கள்

கவுண்டி வரைபடம் போடக் கற்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது மிச்சிகன் மாநிலத்தின் கீவெனா கவுண்டி. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இலவசமாகத் தரும் டைகர் எல்லைக் கோப்பை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தால், சுப்பீரியர் ஏரியின் மேல் பிரமாண்டமான ஒரு கட்டம் விழும். கவுண்டியின் சட்ட எல்லை ஏரிக்குள் வெகுதூரம் போகிறது. பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். கரையோரமாக வெட்டிய இன்னொரு கோப்பையும் அதே துறை தருகிறது. அதில் வளைந்து நீளும் தீபகற்பமும், தள்ளி ஐல் ராயல் தீவும் துலங்கும். இரண்டு கோப்புமே சரி. எந்த வேலைக்கு எது என்று தெரிந்து எடுப்பதில்தான் இந்தக் கலையின் நுட்பம் தொடங்குகிறது.

அடுத்து, தரவைக் கோப்பது. மக்கள்தொகை அட்டவணையை எல்லைக் கோப்போடு இணைப்பது ஐந்து இலக்க ஃபிப்ஸ் எண். கீவெனாவுக்கு 26083, முதல் இரண்டு இலக்கம் மாநிலம், மற்ற மூன்றும் கவுண்டி. பெயரை நம்பிக் கோக்க முடியாது. வாஷிங்டன் கவுண்டி பல மாநிலங்களில் உண்டு. எண்ணும் மாறும். தெற்கு டக்கோட்டாவின் ஷனன் கவுண்டி 2015இல் ஓக்லாலா லக்கோட்டா ஆனபோது, 46113 போய் 46102 வந்தது. பழைய அட்டவணையைப் புதிய எல்லையோடு இணைத்தால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் உயரத் தரவைச் சேர்க்கும்போதுதான் கீவெனா தன் அழகைக் காட்டுகிறது. வழக்கப்படி வடமேற்கிலிருந்து ஒளி விழுவதாக மலைநிழல் போடுங்கள். தீபகற்பத்தில் உள்ள பிராக்வே மலையின் செங்குத்தான தென்முகம் இருண்டுபோகும். ஐல் ராயலிலோ செங்குத்துச் சரிவுகள் வடமேற்கைப் பார்த்து நிற்பதால் அவை பளிச்சென்று ஒளிரும். ஏரிக்கு அடியில் கிண்ணமாகக் குழிந்து கிடக்கும் ஒரே பாறை அடுக்கின் இரு விளிம்புகள் இவை. இரண்டு துறைகளின் தரவு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தியதும், நூறு கோடி ஆண்டுக்கும் முந்தைய எரிமலைக் குழம்பின் கதை கவுண்டி எல்லைக்குள்ளேயே விரிகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

நல்ல வரைபடத்தின் மூலையில் எந்த ஆண்டின் எல்லை, யாருடைய உயரத் தரவு, எந்த புராஜெக்‌ஷன் என்று பொடி எழுத்தில் இருக்கும். நான் முதலில் படிப்பது அதைத்தான். வரைந்தவரின் நேர்மையும் தேர்ச்சியும் அந்த இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும்.