இரண்டாவது அறுவையை யார் செய்வது?

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஒரு புதிய சேவையைத் தொடங்கியது. மார்பக அளவையும் வடிவத்தையும் சீராக்கும் அறுவை சிகிச்சையை, சிலிக்கான் பை வைப்பது உட்பட, ஏழைப் பெண்களுக்கு அங்கே இலவசமாகச் செய்வார்கள் என்பது அறிவிப்பு. அழகு சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் எட்டாமல் இருக்க வேண்டும், அரசு தராவிட்டால் அவர்கள் கடன் வாங்கியோ ஆபத்தான வழிகளை நாடியோ போவார்களே என்று அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் கேட்டார். தொற்றுநோய்களுக்கும் உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கும் போக வேண்டிய கவனம் இதில் சிதறுகிறது என்று பொது சுகாதாரத் துறையில் பழுத்த அனுபவம் உள்ளவர்களே எதிர்த்தார்கள்.

அந்த எதிர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பாரம் தாங்காமல் தோளும் கழுத்தும் ஓயாமல் வலிக்கும் பெண், பிறவியிலேயே ஒரு பக்கம் வளராமல் போன பெண், புற்றுநோய்க்காக ஒரு மார்பை அகற்றிக்கொண்ட பெண், இவர்கள் கேட்பதை ஆடம்பரம் என்று தள்ள யாருக்கும் உரிமை இல்லை. பணம் உள்ளவள் செய்துகொண்டால் மறுவாழ்வு, இல்லாதவள் கேட்டால் வீண்செலவு என்று பேசுவது நியாயமாகாது. அந்த வகையில் ஸ்டான்லியின் முடிவு துணிச்சலானது, மனிதத்தன்மை உள்ளது.

ஆனால் அன்று இரு தரப்பிலும் எழுந்த வாதங்களில், நான் படித்தவரை, ஒரு கேள்வி மட்டும் எழவே இல்லை. வைத்த பையைப் பத்தாவது ஆண்டில் யார் எடுப்பார்கள்?

சிலிக்கான் பை ஆயுள் முழுவதும் நிற்கும் பொருள் அல்ல. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் முதல் முறையாக ஒரு பெண்ணுக்கு அதைப் பொருத்திய காலத்தில் இதை யாரும் சொல்லவில்லை. இன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே எச்சரிக்கைப் பெட்டியில் அச்சிடச் சொல்கிறது. அந்த நிர்வாகம் 2011இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் 5 பேரில் ஒருவர் வரைக்கும், புற்றுநோய்க்குப் பின் மறுசீரமைப்புக்காக வைத்துக்கொண்டவர்களில் இருவரில் ஒருவர் வரைக்கும், 10 ஆண்டுக்குள் அதை எடுக்க வேண்டிவரலாம். அப்படியென்றால் புற்றுநோயாளிக்கு முதல் அறுவையைச் செய்யும் அன்றே, இரண்டாவதற்கான வாய்ப்பும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

காரணங்கள் மர்மமானவை அல்ல. உள்ளே வந்த எந்த அந்நியப் பொருளையும் சுற்றி உடல் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டிக்கொள்ளும். சிலருக்கு அது இறுகி, மார்பு கல்லாகி, வடிவம் கோணி, வலிக்கத் தொடங்குகிறது. ஊர்ப்பக்கம் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இது இன்னும் அதிகம். பை கிழிவதும் உண்டு. சிலிக்கான் கிழிந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது, கையால் தொட்டும் பிடிபடாது. அதனால்தான் வலியே இல்லாவிட்டாலும் 5 அல்லது 6 ஆண்டில் ஒரு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பிறகு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை என்று அதே நிர்வாகம் பரிந்துரைக்கிறது.

இந்தப் பரிந்துரையை எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போவோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் செம்மேடு. அங்கே அரசு மருத்துவமனை இருக்கிறது. மாவட்டத் தலைநகர் நாமக்கல் சுமார் 55 கிலோமீட்டர். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில்தான். சென்னையோ 350 கிலோமீட்டருக்கும் அப்பால். செம்மேட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்களில், மிளகும் மரவள்ளியும் சாமையும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு ஒரு ஸ்கேன் என்பது ஒரு நாள் வேலை அல்ல. கீழே இறங்க ஒரு நாள், கூட வருபவரின் கூலி, ஆடுமாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள், ‘நாளைக்கு வாங்க’ என்றால் தங்க இடம். மருத்துவமனை இலவசம், பயணம் இலவசம் இல்லை. பத்திரமான கருவி என்று ஒன்றை நாம் சொல்வதே தொடர் கண்காணிப்பை நம்பித்தான். அந்தக் கண்காணிப்பு எட்டாத இடத்தில் அதே கருவி பத்திரமானது ஆகாது.

இரண்டாவது அறுவை வேண்டுமா என்று யோசிக்கும் பெண்ணுக்கு நகரத்து மருத்துவர் சொல்லும் விடை மலையில் மாறக்கூடும் என்பதுதான் என் வாதம். பை கிழிந்திருந்தாலோ, வலி தூக்கத்தைக் கெடுத்தாலோ, தொற்று இருந்தாலோ எடுத்தாக வேண்டும். இதில் மலை, சமவெளி பேதமில்லை. வடிவம் பிடிக்கவில்லை என்பது காரணமானால் காத்திருப்பது நல்லது. வீக்கம் வடிந்து தழும்பு இளகப் பல மாதம், சில நேரம் ஓர் ஆண்டு ஆகும். அவசரப்பட்டுத் திறந்தால் சரியாகிக்கொண்டிருப்பதைக் கெடுக்கலாம்; திறக்கும் ஒவ்வொரு முறையும் தழும்பு கூடும், நல்ல திசு குறையும்.

சிக்கலான இடம் மூன்றாவது. எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனால் பயம் இருக்கிறது. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட சில பைகளுக்கும் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுக்கும் தொடர்பு உறுதியானதும், 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் அவ்வகைப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அறிகுறி இல்லாதவர்கள் எடுக்கத் தேவையில்லை, ஆண்டுகள் கழித்துத் திடீரென வீங்கினால் உடனே வாருங்கள் என்பது மருத்துவ உலகின் பரிந்துரை. சென்னைவாசிக்கு இது நியாயமான அறிவுரை. வீக்கம் வந்தாலும் விளைச்சல் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டிய நிலையில் இருப்பவளுக்கு, ஒரே முறை போய் எடுத்துவிட்டு வருவது அறிவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு அது. அந்தப் பேச்சில் தூரமும் ஒரு மருத்துவக் காரணமாக எண்ணப்பட வேண்டும்.

பைக்கு மாற்று, சொந்த உடலின் திசுவால் மார்பு அமைப்பது. வயிற்றுக் கொழுப்பையோ முதுகுத் தசையையோ கொண்டு செய்வார்கள். தேறிவிட்டால் கிழியாது, பத்தாண்டுக் கெடு இல்லை, கதிர்வீச்சு பெற்ற உடலுக்கும் இதுவே பொருத்தம். கண்காணிப்பு குறைவாகவே தேவைப்படுவதால் மலைவாசிக்கு இதுதான் ஏற்றது என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுக்கும் பழைய முறையில் அடிவயிறு பலவீனமாகிக் குடலிறக்கம் வரலாம். முதுகுத் தசையை எடுத்தால் தோள்பட்டையின் வலு கொஞ்சம் குறையும். விறகுக் கட்டு சுமப்பவளுக்கும், மண்வெட்டி பிடிப்பவளுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. தசையை விட்டுவிட்டுக் கொழுப்பையும் ரத்தக் குழாயையும் மட்டும் எடுத்து இணைக்கும் நுண்ணறுவை இந்தக் குறையைப் பெரிதும் தவிர்க்கிறது. ஆனால் அதற்குப் பல மணி நேரமும், கைதேர்ந்த குழுவும் வேண்டும். எல்லா மாவட்டத்திலும் அது கிடைக்காது. கை மறுசீரமைப்பு அறுவைக்குப் பேர்போன ஸ்டான்லியின் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இதில் வழிகாட்டலாம், பயிற்சி தரலாம்.

ஒன்றும் வைக்காமல், பையை எடுத்துவிட்டுத் தட்டையாகத் தைத்துக்கொள்வதும் முழுமையான தேர்வுதான். அதைத் தோல்வி என்று நினைக்கும் வழக்கம் மருத்துவர்களிடமும் இருக்கிறது, குடும்பங்களிடமும் இருக்கிறது. உள்ளாடைக்குள் வைக்க நூலால் பின்னிய இலேசான செயற்கை மார்பகம் போதும் என்று நிம்மதியாக வாழும் பெண்கள் உண்டு. ஆனால் முதல் நாளே இதைச் சொல்லாமல், மூன்று அறுவை ஆன பிறகு சொல்வது நேர்மையில்லை.

செலவுக்கு வருவோம். பிரான்சின் பிஐபி நிறுவனம் மருத்துவத்துக்கு ஒப்புதல் இல்லாத தொழிற்சாலைச் சிலிக்கானை நிரப்பி விற்றது 2010இல் அம்பலமானது. சுமார் 30,000 பெண்கள் எடுத்துவிடுவது நல்லது என்று 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு அறிவுறுத்தியது. எடுக்கும் செலவை எல்லோருக்கும் ஏற்றது. புதிது வைக்கும் செலவைப் புற்றுநோய் மறுசீரமைப்புக்கு மட்டும் ஏற்றது. அழகுக்காக வைத்தவள் தன் காசில் வைத்துக்கொள்ளட்டும் என்ற அந்தப் பிரிப்பு கணக்குக்குச் சரி, காயத்தோடு நிற்பவளுக்குச் சரியில்லை. அமெரிக்காவில் 1998இல் வந்த சட்டம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. மார்பகம் அகற்றும் அறுவைக்குப் பணம் தரும் காப்பீடு மறுசீரமைப்புக்கும், மறுபக்கத்தைச் சமன்செய்யவும், பின்னால் வரும் சிக்கல்களுக்கும் தந்தாக வேண்டும். முழு மருத்துவப் பாதையும் ஒரே உரிமைக்குள் வருகிறது. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இந்த வழியில், முதல் அறுவையை அனுமதிக்கும் தாளிலேயே அடுத்ததையும் எழுதிவிட வேண்டும்.

பணம் மட்டும் போதாது, ஆளைக் கண்டுபிடிக்கவும் வேண்டும். பழுதான ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டுகளை ஜான்சன் அண்ட் ஜான்சன் 2010இல் திரும்பப் பெற்றபோது இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள் நடந்திருந்தன. பிற்பாடு அரசுக் குழு தேடியபோது கண்டறிய முடிந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். பெருநகரத் தனியார் மருத்துவமனைகளில் பணம் கட்டிச் செய்துகொண்டவர்களின் கதியே இது என்றால், கொல்லிமலையில் ஒரு பெண்ணுக்குள் இருக்கும் பையின் தொகுதி எண்ணை யார் வைத்திருப்பார்கள்? எந்த நிறுவனத்துப் பை, எந்த எண், எந்தத் தேதி, எந்த மருத்துவமனை என்று தமிழில் எழுதிய அட்டை ஒன்று அவள் கையிலும், அதன் நகல் செம்மேடு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடுவரை போகிறார்கள். அந்தப் பதிவேட்டில் ‘உள்ளே ஏதாவது கருவி வைத்திருக்கிறீர்களா, வீக்கமோ வலியோ உண்டா’ என்று ஒரு வரி சேர்க்கத் தனி நிதி வேண்டாம். ஸ்கேனுக்கு வருபவருக்கும் துணைக்கு வருபவருக்கும் பேருந்துச் செலவும் அன்றைய கூலியும் தர நிதி வேண்டும். அதைச் சிகிச்சைச் செலவாகவே அரசு கணக்கில் எழுத வேண்டும்.