திஸிலும் கூன்வண்டும்: ஒரு மறுமதிப்பீடு

வட அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் பரவிய மஸ்க் திஸில் என்னும் முட்களையை ஒடுக்க ஐரோப்பாவிலிருந்து ஒரு கூன்வண்டு தருவிக்கப்பட்டது. ரைனோசில்லஸ் கோனிகஸ் என்பது அதன் அறிவியல் பெயர். கனடாவில் 1968-லும் அமெரிக்காவில் 1969-லும் அதை நிலத்தில் விட்டார்கள். உயிரியல் கட்டுப்பாட்டின் சாதனைகளில் ஒன்றாக நெடுங்காலம் எண்ணப்பட்ட இந்த முயற்சி, 1997-க்குப் பிறகு எச்சரிக்கைப் பாடமாகிவிட்டது. அன்றைய பாராட்டிலும் மிகை உண்டு. இன்றைய கண்டனத்திலும் மிகை உண்டு. கருவி, சோதனை, முடிவு என்ற மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதே இரண்டு மிகைகளுக்கும் காரணம். அவற்றைத் தனித்தனியே நிறுக்க வேண்டும்.

கருவியின் தேர்வில் குறை காண்பது கடினம். மஸ்க் திஸில் விதையால் மட்டுமே பெருகுவது. பெரும்பாலும் முதல் ஆண்டு தரையோடு ஒட்டிய இலைவட்டமாகக் கிடந்து, மறு ஆண்டு ஆள் உயரத்துக்குத் தண்டு விட்டுப் பூத்து, விதைத்து மடியும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை தரும். அவற்றில் சில மண்ணுக்குள் பத்தாண்டு வரைகூட முளைப்புத்திறன் கெடாமல் கிடக்கும். முள்ளுக்கு அஞ்சும் மாடுகள் சுற்றியுள்ள புல்லை மட்டும் கரம்புவதால் மேய்ச்சலே களைக்கு இடம் ஒதுக்கித் தருகிறது. இத்தகைய செடியை விதையில் அடிப்பது தர்க்கப்படி சரியான உத்தி. கனடா திஸிலிடம் இது பலிக்காது. அது வேரால் படர்வது, உழவில் துண்டாகும் வேரெல்லாம் மறுபடி துளிர்ப்பது. எந்தக் களைக்கு எந்தப் பூச்சி என்பதில் ஆய்வாளர்கள் தெளிவாகவே இருந்தார்கள்.

செயல்திறனும் சொல்லும்படியே இருந்தது. பெண் வண்டு மொட்டின் அடிச்செதில்களில் முட்டையிட்டு, மென்ற இலைக்கூழால் அதை மூடிவிடும். வெளியே பழுப்புப் புள்ளிகள் மட்டுமே தெரியும். பொரித்த புழு செதிலைத் துளைத்துப் பூத்தளத்துக்குள் புகுந்து, விதைகள் ஊன்றி நிற்கும் திசுவையே தின்னும். வர்ஜீனியாவில் வண்டு விடப்பட்ட இடங்களில் 1970-களின் நடுவிலேயே களை பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

ஆனால் இந்த வெற்றி முழுவதையும் வண்டின் கணக்கில் எழுதக் கூடாது. ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே தலைமுறை என்பதால், முதலில் வரும் பெரிய பூக்களே அடிபடும். பருவத்தின் பின்பகுதியில் பூப்பவை தப்பிவிடும். தப்பிய விதை முளைவிடாதபடி அடர்ந்த புல் தரையை மூடியிருந்த இடங்களில்தான் களை உண்மையாகவே ஒடுங்கியது. பூக்கும் காலம் நீண்டிருக்கும் நியூசிலாந்தில் இதே வண்டு விதையைக் குறைத்தது; களையை வீழ்த்தப் போதவில்லை. வண்டு துணைக்கருவி; புல்லே முதற்கருவி. சாதனை அறிக்கைகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கின.

அடுத்தது, வண்டு நாட்டுத் திஸில்களுக்குச் செய்த பழுது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஸ்வாட்டா லௌடாவும் சக ஆய்வாளர்களும் 1997-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை இதை ஐயமின்றி நிறுவியது. 1992 முதல் 1996 வரை வட அமெரிக்க மண்ணுக்கே உரிய திஸில் இனங்களில் வண்டின் தாக்குதல் ஏறிக்கொண்டே போய், ஒரு செடியின் பூத்தலைகளில் 16 முதல் 77 விழுக்காடு வரை எட்டியது. மிகுதியாக அடிபட்டது மணற்குன்றுப் புல்வெளியின் பிளாட் திஸில். அது ஒருமுறை பூத்ததும் மடிவது. விதை போனால் வம்சமே போயிற்று. வண்டு முட்டையிடும் காலமும் அது பூக்கும் காலமும் ஒத்துப்போனது அதன் கேடு. அந்தப் பூத்தலைகளை நம்பி வாழ்ந்த நாட்டு ஈக்களும் வண்டு மிகுந்த இடங்களில் குறைந்தன.

திட்டத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. 1960-களில் இத்தகைய சோதனைகளின் முதல் கவலை பயிர்ப் பாதுகாப்புதான். கூனைப்பூ, குசும்பா போன்ற உறவுப் பயிர்களுக்கு ஆபத்து வருமா என்பதே கேள்வி. நாட்டுத் திஸிலையும் களையாகவே கருதிய காலம் அது. மாற்றுவழியான 2,4-டி, பிக்ளோராம் போன்ற களைக்கொல்லிகளும் நாட்டுச் செடி, அயல் செடி என்று பார்ப்பதில்லை. இந்த வாதங்களுக்கு எடை உண்டு; விடுதலை தரும் அளவுக்கு இல்லை. களைக்கொல்லியின் தவறுக்கு வரப்பு உண்டு, நிறுத்தினால் நிற்கும்; பறக்கும் உயிரியின் தவறுக்கு வரப்பு இல்லை. மாநிலங்களுக்கிடையே இந்த வண்டைக் கொண்டுசெல்லும் அனுமதியை 2000-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை திரும்பப் பெற்றது. வண்டு அதற்குள் தன் பாட்டில் பரவியிருந்தது.

பின்னறிவால் முன்னவர்களைக் குற்றம் சாட்டுகிறோமா என்ற கேள்வி எழும். இல்லை. மஸ்க் திஸில் சேர்ந்த கார்டுவஸ் பேரினத்தோடு சிர்சியம் பேரினத்தையும் இந்த வண்டு உண்ணும் என்பதை ஐரோப்பியச் சோதனைகள் முன்பே காட்டியிருந்தன; நாட்டுத் திஸில்கள் சிர்சியம் பேரினத்தவை. 1997-இன் கட்டுரை வண்டின் உணவு எல்லை விரிந்துவிட்டதாகக் கூறியது. பின்னர் லௌடாவே பங்கேற்ற மறு ஆய்வு, வண்டு மாறவில்லை, நேர்ந்தது முன்கூட்டியே ஊகிக்கத்தக்கது என்று திருத்தியது. சோதனை நேர்மையாக நடந்தது. அதன் விடையை முடிவெடுத்தவர்கள் பொருட்படுத்தவில்லை. சோதனையிலும் ஒரு போதாமை உண்டு: உண்ணுமா என்று கேட்டார்கள், வெளியில் எவ்வளவு உண்ணும், அந்த இழப்பை அந்தச் செடி தாங்குமா என்று கேட்கவில்லை.

இதே வண்டு நியூசிலாந்தில் இந்தக் குற்றச்சாட்டுக்கு ஆளாகவில்லை. அங்கே அதன் வாய்க்கு அகப்படும் நாட்டுத் திஸில் கிடையாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சப்பாத்திக்கள்ளியை அழித்த கொச்சினீல் பூச்சியின் கதையும் இதுவே. 1795-இல் சாயத்துக்கென்று இந்தியாவுக்குத் தவறாகக் கொண்டுவரப்பட்ட அந்தப் பூச்சி, கள்ளியை அழித்துப் பேர் வாங்கியது. அந்தக் கள்ளிக்கு நெருங்கிய உறவுச் செடி நம் மண்ணில் இல்லாததால் பழி வரவில்லை. இரண்டு இடங்களிலும் காத்தது மதிநுட்பம் அன்று, நிலத்தின் இயல்பு. பூச்சியின் குணத்தை மட்டும் சோதித்து, அது இறங்கும் நிலத்தின் உறவுமுறையைச் சோதிக்காத எந்த மதிப்பீடும் பாதி மதிப்பீடே.

ஆக, கருவி என்ற வகையில் கூன்வண்டு தேறுகிறது, துணைநிலையில். சோதனை முறை அரைகுறையாகத் தேறுகிறது. முடிவு தேறவில்லை, திரும்பப் பெற முடியாத ஒன்றை விடுவதற்கு முன் கையிலிருந்த சான்றை மதிக்காதது அதன் குற்றம். இன்று அயல் பூச்சி எதையும் பரிந்துரைப்பவர், அந்த நிலத்துக்கே உரிய உறவுச் செடிகளை முதலில் பட்டியலிட்டுக் காட்ட வேண்டும். காட்டும்வரை நில உடைமையாளர் செய்யக்கூடியது தெளிவு: இலைவட்டப் பருவத்திலேயே மண்வெட்டியால் வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி எடுப்பது, மாட்டை மாற்றி மேய்த்துப் புல்லை அடர விடுவது. மெதுவான வழிதான்; ஆனால் பிழை நேர்ந்தால் அடுத்த பருவத்திலேயே திருத்திக்கொள்ளலாம்.