வாள்வீச்சுப் படங்களும் நம் கூச்சமும்

வாள்வீச்சும் மாயவித்தையும் மலிந்த பழைய திரைப்படங்களைப் பற்றி நம் இல்லங்களில் ஒரு மௌனம் உண்டு. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் பெரியவர்கள் அவற்றைப் பார்த்தார்கள், மகிழ்ந்தார்கள், ஆயினும் பார்த்ததைச் சொல்லக் கூசினார்கள். அக்கூச்சம் எவ்வளவு தூரம் நியாயமானது?

சூனியத்தை மார்க்கம் விலக்கியுள்ளது. அந்தப்புர ஆட்டங்கள் நாணத்துக்குப் பகையானவை. இவற்றில் நமக்கு இரு கருத்தில்லை. ஆனால், வீரமும் வியப்பும் கலந்த கதையின்பமே குற்றம் என்போமானால், நம் புலவர்கள் பாடிய படைப்போர்களையும் கிஸ்ஸாக்களையும் என்ன செய்வது? போர்க்களம் புகும் வீரமங்கையின் கதையான 'சைத்தூன் கிஸ்ஸா' நம்மவர் விரும்பிக் கேட்டதுதானே? அந்தச் சுவையே பின்னர் டூரிங் கொட்டகைக்கும் சென்றது.

படங்களின் கதைகளும் நமக்கு அயலானவை அல்ல. 1955இல் டி.ஆர். ராமண்ணா இயக்கிய 'குலேபகாவலி', பாரசீகத்திலும் உருதுவிலும் வழங்கிய கதையின் வழிவந்தது. 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அளித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அலிபாபா கதையோ ஆயிரத்தோரு இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் காணப்படாதது. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் சொல்ல, கல்லான் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனை விரித்தெழுதி 1717இல் அச்சேற்றினார்.

நம் குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் கதையில் கொள்ளையரை முறியடிப்பது அடிமைப்பெண் மர்ஜியானாவின் கூரிய அறிவு. திரையில் பானுமதி போன்ற ஆற்றல்மிக்க நடிகை அப்பாத்திரத்தை ஏற்றும், அறிவைக் காட்டிலும் ஆடல் பாடலுக்கும் கதாநாயகனின் வாளுக்கும் இடம் மிகுந்துவிட்டது. நம் கதையின் உடையை எடுத்துக்கொண்டவர்கள் அதன் உயிரைக் குறைத்துவிட்டார்கள்.

எனினும் இப்படங்கள் செய்த ஒரு நன்மையை மறக்கலாகாது. அலிபாபா என்ற ஏழை விறகுவெட்டியாக எம்.ஜி.ஆர். தோன்றியபோது, எல்லாச் சமயத்தாரும் ஒரு முஸ்லிம் பெயருடைய நாயகனுக்காகக் கைதட்டினார்கள். 1960இல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்தில் தேசிங்காகவும் தாவூத்கானாகவும் அவரே நடித்தார். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்துச் செஞ்சியின் கதை அது. 1714ஆம் ஆண்டுப் போரில் தேசிங்கை எதிர்த்த ஆற்காட்டு நவாபும் முஸ்லிம். கதைப்பாடலின்படி, மணக்கோலத்தை விட்டு வந்து அவனுக்காக உயிர் கொடுத்த தோழனும் முஸ்லிம். இந்த மண்ணின் நினைவு அத்தகையது.

1992இல் 'ரோஜா' வந்தபின் தமிழ்த் திரையில் முஸ்லிம் பெயர் பலமுறை வெடிகுண்டோடு சேர்த்தே ஒலித்தது. அதனை எண்ணும்போது, அட்டைக் குகைகளும் தகர வாள்களும் நிறைந்த அப்பழைய படங்களின் வெகுளித்தனம் எவ்வளவோ மேலானது.

ஆகவே, அவற்றை மறைந்து பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து பார்ப்போம். தள்ள வேண்டியது எதுவென்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். அதோடு மர்ஜியானாவின் கதையை முழுமையாகவும் சொல்வோம். திரை குறைத்ததை நிறைவு செய்யும் பொறுப்பு வீட்டுக்கு உரியது.