முல்லைவாயிற் கதையும் முதற்குடிகளும்

தொண்டைமண்டலத்துக் காணியாளர் தம் குடிவரலாற்றைத் தொடங்குமிடம் பெரும்பாலும் ஒன்றே. புழற்கோட்டையிலிருந்து ஆண்ட குறும்பரைத் தொண்டைமான் வென்றான். காடு திருத்தி நாடாக்க வேளாளரைக் கொணர்ந்து குடியேற்றினான் என்பர். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட திருமுல்லைவாயில் இக்கதையின் நடுவிடம். மாசிலாமணீசுவரர் கோயிற் கருவறைமுன் நிற்கும் எருக்கந்தூண்கள் குறும்பர் கோட்டையினின்று வந்தவை என்பது அவ்வூர் வழக்கு.

இக்கதையை முற்றும் வரலாறெனக் கொள்வாரும் உளர். முற்றும் புனைவெனத் தள்ளுவாரும் உளர். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. சுந்தரர் பதிகம் தொண்டைமானை அறியும். அவன் களிற்றையும் அதனைப் பிணித்த முல்லைக்கொடியையும் அறியும். குறும்பரையோ வேளாளர் குடியேற்றத்தையோ ஆண்டுக் காணோம்.

அவை விரிந்து காணப்படுவன, மெக்கன்சி தொகுப்பித்த சுவடிகளிலும் 1818-இல் வெளிவந்த மிராசு நூலிலுமாம். அரசு விடுத்த பதினேழு வினாக்களுக்குச் சிரஸ்ததார் சங்கரையா அளித்த விடைகளைச் சென்னைக் கலெக்டர் எல்லிசு தம் குறிப்புகளோடு அந்நூலிற் சேர்த்தார். (திருக்குறளுக்கு உரைவகுக்கப் புகுந்த அதே எல்லிசுதான்.) அன்றைய வினா, நிலம் யாருக்கு உரியது என்பது. முதலிற் குடியேறினார் வழியினர் யாம் என்பதே காணியாட்சிக்குச் சான்றாயிற்று. எனவே குடிவரலாறு அன்று வெறும் நினைவன்று, ஆவணம். பூர்வீகம் பேசியவர் பங்கும் பேசினர்.

இதுபற்றிச் சங்கரையாவைக் குறைகூறுதல் பொருந்தாது. அவர் திரட்டித் தந்திராவிடின் காணி வழக்கிற் பெரும்பகுதி இன்று நமக்கு எட்டியிராது. ஆயினும் அத்திரட்டில் யார் இல்லை என்று நோக்குதல் ஆய்வாளர் கடன். நாட்டை இருபத்துநான்கு கோட்டங்களாக வகுத்தவர் குறும்பரே என்று அவ்வழக்கே ஒப்புகின்றது. அங்ஙனமாயின் முதற்குடி எனும் பெயர் அவர்க்கன்றோ உரியது? தோற்றவர் என்னும் அளவிலேயே அவர் கதையில் நிற்கின்றனர். கொடிவழி எதுவும் அவர்க்கில்லை. காணியாளர் நிலத்தில் உழைத்த பண்ணையாட்களுக்கும் அஃதில்லை.

இக்குறையை ஓரளவு நிரப்பவல்லது வேறொரு சான்று. செங்கற்பட்டுச் சாகீரில் 1767 முதல் 1774 வரை பார்னார்டு நடத்திய அளவையும், அதனோடு தொடர்புடைய ஓலைக்கணக்குகளும் ஊர்தோறும் வீடுகளை எண்ணுகின்றன. தென்பாலுள்ள திருப்போரூர், வடக்குப்பட்டு என்னும் ஈரூர்க் கணக்குகள் 2001-இல் அச்சேறின. அவற்றிற் புகழ்ச்சியும் இல்லை, கொடிவழியும் இல்லை. கணக்கனுக்கு இவ்வளவு, வண்ணானுக்கு இவ்வளவு, வெட்டியானுக்கு இவ்வளவு எனக் களத்து நெல் பகுக்கப்பட்ட கணக்கே உண்டு.