கொல்சன் வைற்ஹெட்டின் நாவல்களில் வரலாறும் கற்பனையும்

வரலாற்றை நாவலாக்க முனையும் எழுத்தாளன் நடந்த நிகழ்வுகளுக்கு எவ்வளவு தூரம் கட்டுப்பட்டவன் என்பது திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் வினாவாகும். நடந்ததை நடந்தவாறே சித்திரிப்பதுதான் யதார்த்தவாதம் என்பாரும் உளர். நடந்ததன் சாரத்தை வெளிக்கொணரக் கற்பனைக்கு முழு உரிமையும் உண்டு என்பாரும் உளர். அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியரான கொல்சன் வைற்ஹெட்டின் இரு நாவல்கள் இவ்வினாவுக்கு இருவேறு விடைகளைத் தருகின்றன.

1969 இல் நியூயோர்க்கிற் பிறந்த வைற்ஹெட், ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பயின்று 1991 இல் பட்டம் பெற்றார். பின்னர் 'வில்லேஜ் வொய்ஸ்' பத்திரிகையில் விமர்சனங்கள் எழுதினார். அவரது முதல் நாவலான 'த இன்ரூயிஷனிஸ்ற்' 1999 இல் வெளிவந்தது. மின்னுயர்த்திகளைப் பரிசோதிக்கும் கறுப்பினப் பெண்ணொருத்தியின் கதை அது. மேலேறுதல் என்னும் அன்றாடச் செயலை இன முன்னேற்றம் பற்றிய குறியீடாக்கும் ஆற்றல் அந்நாவலிலேயே புலப்படுகின்றது. 2016 இல் வெளிவந்து மறு ஆண்டில் புலிற்சர் பரிசு பெற்ற 'த அண்டர்கிரவுண்ட் றெயில்றோட்' இவ்வாற்றலின் முதிர்ச்சியாகும்.

தலைப்பிலுள்ள 'நிலக்கீழ்ப் புகையிரதம்' என்பது, தென் மாநிலங்களின் அடிமைகள் வடக்கே தப்பிச் செல்ல உதவியோரின் இரகசிய வலையமைப்புக்கு 19ஆம் நூற்றாண்டில் வழங்கிய பெயர். அங்கே தண்டவாளமோ சுரங்கமோ இருந்ததில்லை. புகலிடங்களை 'நிலையங்கள்' என்றது உருவக வழக்கே. வைற்ஹெட் இவ்வுருவகத்துக்கு உருக்கொடுத்துவிடுகிறார். ஜோர்ஜியாவின் பருத்தித் தோட்டத்திலிருந்து தப்பும் கோரா, மெய்யான சுரங்கத்தில் மெய்யான புகையிரதம் ஏறி மாநிலம் மாநிலமாகச் செல்கின்றாள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒடுக்குமுறை வேறொரு முகத்துடன் அவளை எதிர்கொள்கின்றது.

தென் கரோலினாவில் அவளுக்கு வேலையும் கல்வியும் கிடைக்கின்றன. ஆயின் அங்கு கறுப்பினப் பெண்கள் கருத்தடைக்குத் தூண்டப்படுகின்றனர். ஆண்களின் கிரந்தி நோய் சிகிச்சையளிக்கப்படாமலே அவதானிக்கப்படுகின்றது. இது உள்நாட்டுப் போருக்கு முந்திய காலத்து நிகழ்ச்சியன்று. அலபாமாவின் ரஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரச சுகாதாரத் துறை நடத்திய ஆய்வையே ஆசிரியர் பின்னோக்கி நகர்த்தியுள்ளார். இதனைக் காலவழு எனக் குறைகூறல் எளிது. ஆனால் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தபின்னரும் கறுப்பு உடலின்மீதான அதிகாரம் ஒழியவில்லை என்ற உண்மையை, கால வரிசைக்குக் கட்டுப்பட்ட கதை இத்துணைச் சுருக்கமாகக் காட்டியிருக்க முடியாது.

நாவலின் உச்சம் கோராவின் தாய் மேபல் பற்றிய சிறு அத்தியாயமாகும். மேபல் தன்னைக் கைவிட்டு ஓடித் தப்பிவிட்டாள் என்றே கோரா எண்ணி வெறுக்கின்றாள். அடிமைபிடிப்போனாகிய ரிட்ஜ்வேயும் அவள் தன்னிடமிருந்து தப்பிவிட்டாள் என்றே நம்புகின்றான். உண்மையில் அவள் மகளிடம் திரும்பும் வழியிற் பாம்பு தீண்டிச் சதுப்பு நிலத்தில் மாண்டுபோனாள். இதை வாசகர் அறிவர். கோரா ஒருபோதும் அறியாள். எந்த ஆவணத்திலும் இடம்பெற வாய்ப்பில்லாத இம்மரணத்தை அறியத்தருவது கற்பனை ஒன்றே.

எனினும் இந்நாவல் குறையற்றதன்று. ஒவ்வொரு மாநிலமும் ஒரு கருத்தை நிறுவுவதற்கே அமைந்துள்ளமையால் பாத்திரங்கள் சில வேளைகளில் அக்கருத்தின் நிழலிலே மறைந்துபோகின்றன. கோராவுடன் தப்பிவந்த சீசர் போதிய அளவு உயிர்பெறுமுன்பே கதையிலிருந்து நீங்கிவிடுகின்றான்.

2019 இல் வெளிவந்து ஆசிரியருக்கு இரண்டாவது புலிற்சர் பரிசைப் பெற்றுத்தந்த 'த நிக்கல் போய்ஸ்' இக்குறையினின்றும் விடுபட்டது. இங்கே மாயப் புகையிரதம் இல்லை. புளோரிடாவின் மரியானாவில் 1900 முதல் 2011 வரை இயங்கிய டோசியர் சீர்திருத்தப் பாடசாலையே இதன் மூலம். 31 சிலுவைகளே அடையாளமாக நின்ற அதன் வளவில் 55 புதைகுழிகளைத் தென் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தனர். இத்தகைய உண்மைக்குமுன் புனைவு அடங்கிப்போவது பொருத்தமே. மாட்டின் லூதர் கிங்கின் உரைகளைக் கேட்டு நீதியை நம்பும் எல்வூட், எதனையும் நம்பாத ரேணர் ஆகிய இருவரின் நட்பும் முரணுமே கதையை நடத்துகின்றன. எல்வூட் பாடசாலையின் ஊழல்களைக் குறித்துவைத்துப் பரிசோதகர்களிடம் சேர்ப்பிக்கின்றான். அந்த எழுத்து அவனைக் காப்பாற்றவில்லை. தப்பியோடுகையில் அவன் சுடப்பட்டு இறக்கின்றான். ரேணர் நண்பனின் பெயரையே தன் பெயராக்கி வாழ்கின்றான். இறுதியில் வெளிப்படும் இத்திருப்பம் வெறும் உத்தியாகத் தோன்றலாம். ஆனால் அடையாளமற்ற குழியிற் புதைக்கப்பட்டவனின் பெயர் உயிருள்ள ஒருவனிடத்தில் வாழ்வதற்கு வேறு வழி இருக்கவில்லை.

யதார்த்தவாதம் என்பதை உத்தியாக மட்டும் கொண்டால் இவற்றுள் ஒன்றையே ஏற்று மற்றையதை மறுக்க நேரிடும். அதனைச் சமூக உறவுகளைக் காணும் நோக்காகக் கொண்டால் இரண்டும் யதார்த்த நாவல்களே. சான்றுகள் அழிந்த இடத்திற் கற்பனையை விரித்தும், சான்றுகள் மண்ணிலிருந்து வெளிப்பட்ட இடத்தில் அதனை அடக்கியும் எழுதத் தெரிந்தமையே வைற்ஹெட்டின் சாதனை எனலாம்.