பத்தாயிரத்து எண்பது காரணிகள்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஒரு காலை 61 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். சமமான குழுக்களாகப் பிரிக்கவே முடியாது. எப்படிப் பிரித்தாலும் யாராவது மிஞ்சுவார்கள். ஒருவர் வராமல் 60 பேர் என்றால் கங்காணிக்குக் கொண்டாட்டம்தான்: 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 என்று எப்படியும் பிரிக்கலாம். 1, 60 இரண்டையும் சேர்த்தால் 12 காரணிகள். 60க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது.

தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் வெல்லும் இப்படிப்பட்ட எண்களைக் கேம்பிரிட்ஜில் இருந்தபோது துருவித் துருவி ஆராய்ந்தார் கும்பகோணத்து இராமானுஜன். 1915இல் லண்டன் கணிதச் சங்க வெளியீட்டில் வந்த அவருடைய நீண்ட கட்டுரையில் இவற்றின் பட்டியல் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட அவ்வெண்களில் கடைசி இது:

6,746,328,388,800

நம் வழக்கில், ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு.

இதன் அழகு நீளத்தில் இல்லை, கட்டமைப்பில் இருக்கிறது. முதன்மைக் காரணிகளாகப் பிரித்தால் 2இன் 6ஆம் வலு, 3இன் 4ஆம் வலு, 5க்கும் 7க்கும் வர்க்கம், பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. சுட்டிகளை மட்டும் வாசியுங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. எங்கும் ஏறவில்லை. 23 வரை ஒரு முதன்மை எண்ணும் விடுபடவில்லை.

ஏன் இந்த ஒழுங்கு? ஒவ்வொரு சுட்டியோடும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வரும்: 7×5×3×3×2×2×2×2×2 = 10,080. 2, 3 இரண்டின் சுட்டிகளை இடம் மாற்றினாலும் அதே 10,080தான்; ஆனால் எண் இரண்டே கால் மடங்கு பருத்துவிடும். அதனால் சிறிய முதன்மை எண்ணுக்கே பெரிய சுட்டி. கடைசிச் சுட்டி எப்போதும் 1 என்றும், 4, 36 இரண்டு மட்டுமே விலக்கு என்றும் இராமானுஜன் நிறுவினார்.

கையால் போட்ட அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் விடுபட்டுப் போயிற்று: 293,318,625,600. அதை 23ஆல் பெருக்கிப் பாருங்கள், அவருடைய கடைசி எண்ணே வந்து நிற்கும்! விடுபட்ட எண்ணின் நயமும் குறைந்ததல்ல. அதற்கு 5,040 காரணிகள்; 5,040க்கு 60; 60க்கு 12; 12க்கு 6; 6க்கு 4. இந்த வரிசையில் உள்ள ஒவ்வொன்றும் அதே குலத்து எண்.

சாதாரண தரத்துக்கு மேற்பட்ட கணிதம் எதுவும் இதைச் சரிபார்க்கத் தேவையில்லை. உங்கள் வீட்டில் காரணிப்படுத்தல் படிக்கும் பிள்ளை இருந்தால், அந்த விடுபட்ட எண்ணைக் கொடுத்து 2ஆல் வகுக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.