மூப்பும் மேடையும்: ஆலிகேட்ஸ் குழுவை முன்வைத்து

மூத்த ராக் பாடகர் மேடையில் தொடர்வதா, புகழ் குன்றுமுன் விலகுவதா என்னும் வினா பெரும்பாலும் அகவையை அளவுகோலாகக் கொண்டே விவாதிக்கப்படுகிறது. அவ்வளவுகோல் பொருந்தாது என்பது எம் கருத்து. செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) தொண்ணூறு அகவை கடந்தும் பாடினார். அவையினர் அவரிடம் நாடியது இளமைக் குரலையன்று. அன்று மாலை அவர் இராகத்தை எவ்வாறு விரிக்கிறார் என்பதையே நாடினர். சுருதியைத் தாழ்த்தவும் காலப்பிரமாணத்தைத் தளர்த்தவும் கருநாடக இசை இடந்தருகிறது.

ராக் முதலிய வெகுமக்கள் இசையில் மூலம் என்பது இசைத்தட்டு. இருபத்தைந்து அகவையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிய பாட்டு அவ்வாறே நின்றுவிட, பாடியவர் மட்டும் மூப்படைகிறார். அவர் தம் பழைய குரலோடு தாமே போட்டியிட நேர்கிறது. சிக்கலின் வேர் இதுவே.

இதனை ஆராயப் பினாங்கு ஏற்ற களம். ஜார்ஜ்டவுனில் 1929இல் பிறந்த பி. ரம்லி 1973இல் 44 அகவையிலேயே மறைந்தார். 1960களில் கிதார்க் குழுக்களின் அலை எழுந்தபோது, நாற்பதை எட்டுமுன்னரே அவர் இசை பழையதெனப்பட்டது. ‘பழையவர்’ என்னும் தீர்ப்பு அகவையைச் சார்ந்ததன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவ்வலையின் காலத்தில், 1960களின் பிற்பகுதியில், இதே பினாங்கில் தோன்றியதுதான் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறப்புகளின் ஆலிகேட்ஸ் குழு. அது தூய ராக் குழு அன்று. ஹாங்காங் விடுதிகளில் பாடிப் பயின்று, பின்னர் மலாய் மெல்லிசையில் நிலைபெற்றது. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் மலாய்ப் பாட்டில் நாடறிந்தவராயினர். தமிழில் பாடாமையால்தானோ என்னவோ, நம் ஆய்வுலகம் அவர்களைப் பெரிதும் கண்டுகொள்ளவில்லை.

2007 சூன் மாதம் லோகநாதன் புற்றுநோயால் மறைந்தார். அதன் பின்னரும் டேவிட் மேடையேறினார். ஈண்டு வினா மாறுகிறது. இசைத்தட்டில் ஒலிக்கும் குரல்களுள் ஒன்று இனி எம்மேடையிலும் ஒலிக்காது. அவ்விடத்தை வேறொருவர் அதே சாயலில் பாடி நிரப்பினால் அது நினைவுப்பொருள் விற்பனையாகும். மாறாக, எஞ்சியவர் தம் இன்றைய குரலுக்கேற்பச் சுருதியைத் தாழ்த்திப் பாடி, இல்லாத குரலின் இடத்தை வெறுமையாகவே விட்டால், அப்பாட்டு முன்பு இல்லாத பொருளைப் பெறும். முதியவரால் மட்டுமே அதனைத் தரவியலும். ஆதலின் தொடர்தலே தக்கது என்போம். தட்டின் பிரதியாக நிற்பது மட்டும் வேண்டா.

2025 சூலை 5இல் பர்மிங்காமில் ஓசி ஆஸ்பர்ன் தம் இறுதி நிகழ்ச்சியை அரியணையில் அமர்ந்தவாறே பாடினார். பார்க்கின்சன் நோயை அவர் மறைக்கவில்லை. பதினேழு நாளில் மறைந்தார். எஸ். சானகி 2017இல் மைசூரில் மேடைக்கு விடைகொடுத்ததையும் நாம் மதிக்கிறோம். குழந்தைக் குரலிலும் பாடிப் பெயர்பெற்றவர்க்குத் தம் பதிவுகளே கடுமையான போட்டியாளராக இருந்திருக்கக்கூடும். ஆனால் விலகல் அவர்தம் உரிமை. இரசிகரோ விமரிசகரோ விதிக்கும் கடமையன்று.

நம் நாளேடுகளின் இசை மதிப்புரைகளில் மூத்த பாடகரைப் பற்றி வழக்கமாக வரும் பாராட்டு, குரலில் முதுமையே தெரியவில்லை என்பது. பாடகரை மீண்டும் தட்டுக்குள் அடைப்பது இப்பாராட்டுத்தான். எந்தச் சுருதியில் பாடினார், எவ்வடியை விடுத்தார், எங்கே மூச்சு வாங்க நின்றார் என்பவற்றை எழுதும் மதிப்புரையை இன்னும் எதிர்பார்த்திருக்கிறோம்.